ஒரு விமானமும் ஒரு டிரங்க் கால் டிக்கெட்டும்

காலை நடை முடிந்ததும் பூங்காவில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பேசும் கூட்டம் எங்களுடையது. ஆறு பேர். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். சென்ற வாரம் பேச்சு எங்கெங்கோ சுற்றி, 2014-இல் காணாமல் போன மலேசிய விமானத்தில் வந்து நின்றது.

"அந்த சேட்டிலைட் கணக்கெல்லாம் புருடா சார். இத்தனை வருஷம் தேடியும் கிடைக்கலேன்னா கணக்கே தப்புன்னுதானே அர்த்தம்?" என்றார் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்.

"கணக்கு எப்படிய்யா தப்பாகும்? போட்டவன் வேணும்னா தப்பு பண்ணியிருப்பான்" என்றார் கணக்கு வாத்தியாராக இருந்த இன்னொருவர்.

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்கதான் சார் டெலிபோன்ஸ் ஆளு. நீங்க சொல்லுங்க."

நான் முப்பத்தாறு ஆண்டுகள் தொலைபேசித் துறையில் இருந்தவன்தான். ஆனால் நான் வேலையில் சேர்ந்தது டிரங்க் போர்டின் முன் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையால் இணைப்புக் கொடுத்த காலத்தில். சேட்டிலைட் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். இருந்தாலும் இந்த விமானத்தின் கதையை முதல் நாளிலிருந்து விடாமல் தொடர்ந்து வருகிறேன். அதற்கு என் குடும்பத்தில் நடந்த ஒரு விஷயம் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன். பெஞ்சில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த இரவு

2014 மார்ச் 8, சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டி 12.42-க்கு கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்டது எம்.எச். 370. போயிங் 777 ரகம். பயணிகள் 227, ஊழியர்கள் 12, மொத்தம் 239 பேர். பாதிக்கு மேல் சீனர்கள். இந்தியர் ஐந்து பேர். அவர்களில் ஒருவர், சென்னையில் இருந்துகொண்டு மீனவர்களுக்காகப் பாடுபட்டு வந்த ஒரு பெண்மணி. எனவே இது நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல.

1.19-க்கு விமானி அறையிலிருந்து கடைசியாக 'குட் நைட்' சொன்னார்கள். மலேசிய வான் எல்லை முடிந்து வியட்நாம் எல்லை தொடங்கும் இடம் அது. இரண்டு நிமிடம் கழித்து ரேடார் திரையிலிருந்து விமானத்தின் அடையாளக் குறி மறைந்தது. பெய்ஜிங்கில் காலை 6.30-க்கு இறங்க வேண்டியது, இறங்கவில்லை.

ஒரு வாரம் வரை தென்சீனக் கடலில் கப்பலும் விமானமுமாகத் தேடினார்கள். ஆனால் மலேசிய ராணுவத்தின் ரேடார் வேறு கதை சொன்னது. விமானம் போன வழியே திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு அருகே வளைந்து, மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போயிருக்கிறது. 2.22-க்கு அந்த ரேடாரின் எல்லையையும் தாண்டிவிட்டது. அதற்குமேல் பார்த்த கண் எதுவும் இல்லை.

இங்கேதான் சேட்டிலைட் வருகிறது. அதிலும் நம் மக்கள் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. இந்த விவகாரத்தில் இரண்டு வகை சேட்டிலைட் தகவல்கள் வந்தன. ஒன்று, படம். மார்ச் 12-ஆம் தேதி சீனா, தென்சீனக் கடலில் மூன்று பெரிய பொருட்கள் மிதப்பதாகப் படம் வெளியிட்டது. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. மார்ச் 20-ஆம் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர் தங்களிடம் ஒரு படம் இருப்பதாகச் சொன்னார். பிறகு பிரான்ஸ், தாய்லாந்து என்று ஆளுக்கொரு படம் வந்தது. அதிலும் விமானத்தின் துண்டு என்று ஒன்றும் அகப்படவில்லை. கடலில் அவ்வளவு குப்பை மிதக்கிறது என்பதுதான் தெரிந்தது. "சேட்டிலைட் சொன்னது பொய்" என்ற எண்ணம் மக்கள் மனதில் விழுந்தது இந்தப் படங்களால்தான்.

இரண்டாவது வகை, பேசப்படாத ஒரு பேச்சு. அதுதான் முக்கியமானது.

இருக்கிறாயா? இருக்கிறேன்!

இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, பூமத்திய ரேகையின் உச்சியில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்மார்சாட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சேட்டிலைட் ஒன்று இருந்தது. 1996-இல் ஏவப்பட்டது. அதற்கான தரை நிலையம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். விமானத்திலிருந்து போன் பேசவும் செய்தி அனுப்பவும் இந்த ஏற்பாடு.

ஒரு மணி நேரமாகப் பேச்சோ செய்தியோ எதுவும் இல்லையென்றால், தரை நிலையம் தானாக ஒரு கேள்வி அனுப்பும்: "லைனில் இருக்கிறாயா?" விமானத்தில் உள்ள கருவி தானாகப் பதில் சொல்லும்: "இருக்கிறேன்." மனிதர் யாரும் இதில் தலையிடுவதில்லை. எங்கள் போர்டில் இரவு ஷிப்டில் லைன் உயிரோடு இருக்கிறதா என்று மெட்ராஸ் ஆபரேட்டரும் நானும் அவ்வப்போது "ஹலோ" சொல்லிப் பார்ப்போமே, அதேதான்.

ராணுவ ரேடாரிலிருந்து மறைந்து மூன்று நிமிடம் கழித்து, 2.25-க்கு, விமானத்தின் கருவியே கூப்பிட்டு மறுபடி இணைப்புக் கேட்டிருக்கிறது. இடையில் அதற்கு மின்சாரம் போய்த் திரும்பி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பிறகு 3.41, 4.41, 5.41, 6.41, 8.11 என்று கேள்வியும் பதிலும். கடைசியாக 8.19-க்கு விமானமே மறுபடியும் இணைப்புக் கேட்டது. எரிபொருள் தீர்ந்து, இன்ஜின்கள் நின்று, அவசர ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதால் கருவி மறுபடி உயிர் பெற்றிருக்கலாம் என்பது நிபுணர்களின் முடிவு. 9.15-க்குத் தரை நிலையம் கூப்பிட்டபோது பதில் இல்லை.

நடுவில் 2.39-க்கும் 7.13-க்கும் தரையிலிருந்து விமானத்துக்கு போன் போட்டிருக்கிறார்கள். மணி போயிருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. போன் எடுக்கப்படாத வீட்டின் மௌனம் என்னவென்று ஆபரேட்டராக இருந்தவனுக்குத் தெரியும்.

கயிறும் ஊதலும்

இந்த ஏழு "இருக்கிறேன்"களை வைத்து இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெர்த்தில் இருந்த பதிவேட்டில் ஒவ்வொரு பதிலோடும் இரண்டு எண்கள் இருந்தன.

முதலாவது, கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரம். ரேடியோ அலையின் வேகம் தெரியும் என்பதால் நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். ஆனால் திசை தெரியாது. முளையில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு முழுதாக இழுபட்டு நிற்கிறது, கயிற்றின் நீளமும் தெரியும். மாடு அந்த வட்டத்தின் ஓரத்தில் எங்கோ நிற்கிறது என்று சொல்லலாம். வடக்கே நிற்கிறதா தெற்கே நிற்கிறதா என்று கயிறு சொல்லாது. அப்படி ஏழு வட்டங்கள் கிடைத்தன. விமானத்தின் வேகத்தையும் எரிபொருளையும் கணக்கிட்டு, போயிருக்க முடியாத பகுதிகளை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வில் போன்ற கோடுகள். கடைசிக் கோட்டுக்கு ஏழாவது வில் என்று பெயர். இந்த அளவு சுமார் 10 கிலோமீட்டர் துல்லியம் உள்ளது.

இந்த நேரத்தைப் பதிவு செய்யும் வழக்கமே அப்போது புதிது. 2009 ஜூன் 1-ஆம் தேதி ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் விமானம் 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. கடலடியில் அதைக் கண்டெடுக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் இன்மார்சாட் இதையும் குறித்து வைக்க ஆரம்பித்தது.

இரண்டாவது எண், அலைவரிசையில் ஏற்பட்ட சிறு மாற்றம். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கீச்சென்று கேட்கும், கடந்து போனதும் தணியும். ரேடியோ அலைக்கும் அதே கதைதான். விமானம் வடக்கே போனதா தெற்கே போனதா என்று பார்க்க இந்த ஊதல் உதவ வேண்டும். ஆனால் விமானக் கருவி கெட்டிக்காரத்தனமானது. தன் வேகத்தால் வரும் மாற்றத்தைத் தானே சரிசெய்து அனுப்பிவிடும். அப்படியானால் துப்பு எப்படிக் கிடைத்தது?

கிழ சேட்டிலைட்டின் தள்ளாட்டம் காட்டிக்கொடுத்தது. சேட்டிலைட் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று எண்ணித்தான் விமானக் கருவி தன் திருத்தத்தைச் செய்கிறது. ஆனால் வயதான அந்த சேட்டிலைட் வடக்கும் தெற்குமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதனால் திருத்தம் முழுமையாகவில்லை. ஒரு சின்ன மிச்சம் நின்றது. அந்த மிச்சம், விமானம் வடக்கே போயிருந்தால் ஒரு மாதிரியும் தெற்கே போயிருந்தால் வேறு மாதிரியும் இருக்கும். அதிலும் சேட்டிலைட் பூமியின் நிழலுக்குள் போய் வரும்போது குளிரில் அதன் மின்னணுவில் வரும் மாறுதலையும் கழிக்க வேண்டும். இவ்வளவையும் கழித்துப் பார்த்துத் தெற்கு என்றார்கள்.

அதே நேரத்தில் வானத்தில் இருந்த மற்ற விமானங்களுக்கும், இதே விமானம் முன்பு பறந்த பயணங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அவை எங்கே போயின என்று தெரியுமல்லவா? கணக்கு அவற்றோடு ஒத்துப்போனது.

சந்தேகம் எங்கே பிறந்தது?

இவ்வளவு சரியாக இருந்தால் ஏன் இத்தனை சந்தேகம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எண்களைவிட, அந்த எண்களை மக்கள் கையில் கொடுத்த விதம்தான் சந்தேகத்தை வளர்த்தது.

மார்ச் 15-ஆம் தேதி மலேசியப் பிரதமர், விமானம் இரண்டு பாதைகளில் ஒன்றில் போயிருக்கலாம் என்றார். வடக்கே கஜகஸ்தான் வரை ஒன்று, தெற்கே இந்தியப் பெருங்கடலுக்குள் ஒன்று. ஒன்பது நாள் கழித்து, மார்ச் 24-ஆம் தேதி, விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்துபோனது என்று அறிவித்தார். சந்தேகத்துக்கு இடமின்றி யாரும் பிழைக்கவில்லை என்று குடும்பத்தார் சிலருக்கு போனில் எஸ்.எம்.எஸ். போனது. அதுவரை ஒரு நாற்காலியோ ஒரு செருப்போ கிடைக்கவில்லை. ஏழு சிக்னல்கள் மட்டும். பெய்ஜிங்கில் குடும்பத்தார் தெருவில் இறங்கினார்கள். "எங்களுக்கு ஆதாரத்தைக் காட்டு" என்று கேட்டார்கள். வேறென்ன கேட்பார்கள்?

அப்போதும் எண்களை வெளியிடவில்லை. மே 27-ஆம் தேதிதான் 47 பக்கம் வந்தது. அதிலும் எண்கள் இருந்தன, கணக்குப் போட்ட வழி முழுதாக இல்லை. விடைத்தாளில் விடையை மட்டும் எழுதி, வழிமுறையை எழுதாத பையனுக்கு எங்கள் கணக்கு வாத்தியார் மார்க் போடுவாரா? அதைத்தான் வெளியில் இருந்த விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கேட்டார்கள். அவர்களில் சிலர் தாங்களாகவே ஒரு குழுவாகச் சேர்ந்து, கிடைத்த எண்களை வைத்துக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களும் தெற்கு என்றே வந்தார்கள். அந்த ஆண்டிலேயே பிறகு இன்மார்சாட் பொறியாளர்கள் தங்கள் வழிமுறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதை மார்ச்சிலேயே செய்திருந்தால் பாதி சந்தேகம் பிறந்தே இருக்காது.

தேடும் இடத்தை மாற்றிக்கொண்டே போனது இன்னொரு காரணம். முதலில் பெர்த்துக்குத் தென்மேற்கே சுமார் 2,500 கிலோமீட்டர். மார்ச் 28-ஆம் தேதி அதை விட்டுவிட்டு 1,100 கிலோமீட்டர் வடகிழக்கே போனார்கள். ஆரம்பத்தில் விமானம் நினைத்ததைவிட வேகமாகப் போயிருக்கிறது, அதனால் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் பேப்பரில் படிப்பவருக்கு எப்படி இருக்கும்?

ஏப்ரலில் கடலுக்குள் கறுப்புப் பெட்டியின் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். ஆஸ்திரேலியப் பிரதமரே நம்பிக்கையோடு பேசினார். அந்த இடத்தின் தரையைத் துழாவிவிட்டு, மே மாத முடிவில் அங்கே இல்லை என்றார்கள். அந்தப் பெட்டியின் ஒலிக்கருவிக்கு 30 நாள் பேட்டரி. அதிலும் ஒரு பெட்டியின் பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதி ஆகிவிட்டது என்று மறு ஆண்டு அறிக்கையில் தெரிந்தது.

இதையெல்லாம் பார்த்தவர்கள், சேட்டிலைட் எண்களையே யாரோ திட்டமிட்டு மாற்றிவிட்டார்கள், விமானம் வடக்கே மத்திய ஆசியாவில் இறங்கியிருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். அதை நம்பியவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். வடக்கே என்றால் தரை. தரை என்றால் உயிரோடு இருக்கலாம். அந்த ஆசைதான் அதற்குள் இருந்தது.

கடல் சொன்ன சாட்சி

2015 ஜூலை 29. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு. கடற்கரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணில் ஒரு பெரிய துண்டு பட்டது. ஏறக்குறைய இரண்டு மீட்டர். கடல் சிப்பிகள் அப்பிக் கிடந்தன. அது போயிங் 777-இன் இறக்கைப் பாகம். இந்த விமானத்துடையதுதான் என்று செப்டம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் உறுதி செய்தார்கள். அடுத்தடுத்து மொசாம்பிக், தான்சானியா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர் கரைகளிலும் துண்டுகள் ஒதுங்கின.

கஜகஸ்தானில் விழுந்த விமானத்தின் இறக்கை ரீயூனியனுக்கு மிதந்து வராது. சேட்டிலைட் எண்கள் காட்டிய தெற்குக் கடலிலிருந்து, நீரோட்டத்தோடு மேற்கே வந்தால் ஏறக்குறைய பதினாறு மாதத்தில் அங்கே சேரலாம் என்று ஆஸ்திரேலியக் கடல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்காக அதே ரகத்து இறக்கைப் பாகம் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டே பார்த்தார்கள்.

ஆக, தெற்கு என்ற கணக்கு தப்பில்லை. சரி, பின் ஏன் கிடைக்கவில்லை?

ஏழாவது வில் ஒரு புள்ளி அல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் கோடு. கோட்டின் எந்த இடம் என்று நேரத்தின் கணக்கு சொல்லாது. ஊதலின் கணக்கு ஓரளவுதான் சொல்லும். கோட்டைத் தொட்ட பிறகு விமானம் நேரே விழுந்ததா, சிறிது தூரம் மிதந்து போய் விழுந்ததா என்பதும் திட்டமாகத் தெரியாது. கடைசி எண்கள் வேகமாக இறங்கிக்கொண்டிருந்ததைக் காட்டுகின்றன என்கிறார்கள்.

2017 ஜனவரி 17-ஆம் தேதி முதல் தேடலை நிறுத்தும்போது 1,20,000 சதுர கிலோமீட்டர் கடல் தரையைத் துழாவியிருந்தார்கள். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. ஏறக்குறைய நம் மாநிலம் முழுவதையும், நாலு கிலோமீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில், இருட்டில், மலையும் பள்ளமுமாக இருக்கும் தரையில் தேடியதாக நினைத்துப் பாருங்கள். 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற நிறுவனம் இன்னும் 1,12,000 சதுர கிலோமீட்டர் தேடியது. அந்த ஜூலையில் வந்த மலேசிய அறிக்கை, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று முடித்தது. 2025-இல் அதே நிறுவனத்தோடு மறுபடி ஒப்பந்தம். 15,000 சதுர கிலோமீட்டர் புதிய பரப்பு. கிடைத்தால் 7 கோடி டாலர், கிடைக்காவிட்டால் ஒரு காசும் இல்லை.

நம் வங்கக் கடலிலும் இதைப் பார்த்தோம். 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு புறப்பட்ட விமானப்படையின் ஏ.என். 32 காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் சலித்துத் தேடின. கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர். அத்தனை காலமும் அது அங்கேயேதான் இருந்தது. கிடைக்கவில்லை என்பதால் அங்கே இல்லை என்று ஆகிவிடாது.

என் டிக்கெட்

இப்போது என் கதை. 1979-இல் என் சித்தப்பாவின் மூத்த மகன், எனக்குத் தம்பி முறை, அப்பாவோடு ஏதோ பேச்சு முற்றி வீட்டை விட்டுப் போய்விட்டான். வயது 22. பதினோராம் நாள் ராத்திரி, தெருமுனை மளிகைக் கடைக்கு ஒரு டிரங்க் கால். "அம்மாவைக் கூப்பிடுங்க" என்றானாம். கடைப் பையன் ஓடி, சித்தி ஓடி வந்து ரிசீவரை எடுப்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது. பி.பி. கால் போட்டிருந்தால் சித்தி வந்து பேசிய பிறகுதான் நேரம் கணக்கில் ஏறியிருக்கும். அதற்குக் காசு கூட. கையில் இல்லை போலிருக்கிறது, சாதாரண கால்தான் போட்டிருந்தான்.

மறுநாள் காலை டூட்டியில் நான் மெட்ராஸ் ஆபரேட்டரைப் பிடித்து, அவர் வழியாகக் கால் வந்த பாதையைத் தேடிக்கொண்டே போனேன். கடைசியில் விசாகப்பட்டினத்து ஆபரேட்டர் ஒருவர் டிக்கெட்டை எடுத்துப் படித்தார். ரயில் நிலையத்துப் பொதுத் தொலைபேசி. இரவு 8.10. மூன்று நிமிடம். அந்த டிக்கெட், பில் போடுவதற்காக எழுதுவது. ஆளைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல.

நான் சித்தப்பாவிடம் போய் என்ன சொன்னேன் தெரியுமா? "விசாகப்பட்டினத்துலதான் சித்தப்பா இருக்கான். சந்தேகமே இல்லை. போய்க் கூட்டிக்கிட்டு வந்துடலாம்." சித்தி அன்றே அவனுக்குப் பிடித்த முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினாள். இரண்டு பேரும் ரயிலேறினோம். ஒன்பது நாள், சத்திரம், ஆஸ்பத்திரி, துறைமுக வாசல், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் அலைந்தோம். பாஷை தெரியாத ஊர். முறுக்கு டின்னோடு திரும்பி வந்தோம்.

அதன்பிறகு சித்தப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "நீ சொன்ன ஊரே தப்புடா." எனக்குக் கோபம் வரும். டிக்கெட் எப்படித் தப்பாகும் என்று வாதாடுவேன்.

நாலு வருஷம் கழித்துக் கோயில் திருவிழாவுக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், தற்செயலாகச் சொன்னார். அந்த வருஷம் அங்கே ஒரு மெஸ்ஸில் இரண்டு மாதம் கணக்கு எழுதினான், பிறகு கல்கத்தா பக்கம் போவதாகச் சொல்லிப் போய்விட்டான் என்று.

என் டிக்கெட் சரி என்று நிரூபணமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா? சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நாம போனப்ப அங்கேதான் இருந்தானாடா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. தம்பி திரும்பி வரவில்லை. கல்கத்தாவுக்குப் பிறகு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. சித்தப்பாவும் சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டிக்கெட் சொன்னது இவ்வளவுதான்: இந்த இடத்திலிருந்து, இந்த நேரத்தில், மூன்று நிமிடம் ஒரு குரல் வந்தது. மீதியை நான் சேர்த்துக்கொண்டேன். "சந்தேகமே இல்லை" என்பது டிக்கெட்டில் இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது. அதை நம்பித்தான் சித்தி முறுக்கு சுட்டாள். கிடைக்காதபோது சித்தப்பா என்னைச் சந்தேகிக்காமல், பாவம், டிக்கெட்டைச் சந்தேகித்தார்.

மலேசிய விமானத்திலும் அதுதான் நடந்தது என்பது என் எண்ணம். ஏழு சிக்னல்கள் தங்களால் முடிந்ததைச் சரியாகவே சொல்லின. தெற்கே, இந்தக் கோட்டை ஒட்டி, காலை 8.19-க்கு. அதற்குமேல் அவற்றால் முடியாது. அந்த எல்லையைக் குடும்பத்தாரிடம் பொறுமையாகச் சொல்லி, எண்களையும் வழிமுறையையும் முதலிலேயே மேசைமேல் வைத்திருந்தால், கிடைக்கவில்லையே என்ற துக்கம் இருந்திருக்கும். ஏமாற்றிவிட்டார்களோ என்ற துக்கம் அதோடு சேர்ந்திருக்காது.

ஒன்று நல்லது நடந்திருக்கிறது. 2018 நவம்பரிலிருந்து, கடல்மேல் பறக்கும் பெரிய விமானங்களின் இடத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று உலக விதி வந்துவிட்டது. கறுப்புப் பெட்டியின் ஒலிக்கருவி இப்போது 30 நாளுக்குப் பதில் 90 நாள் ஒலிக்க வேண்டும். அந்த 239 பேர் போன பிறகு வந்த விதிகள்.

நாளைக் காலை பெஞ்சில் என் இரண்டு நண்பர்களுக்கும் நான் சொல்லப்போவது இதுதான். வங்கி நண்பருக்கு: கணக்கு புருடா இல்லை சார், இறக்கை வந்து சேர்ந்ததே சாட்சி. வாத்தியார் நண்பருக்கு: கணக்கு தப்பாகாதுதான் ஐயா, ஆனால் கணக்கு சொல்லாததையும் சொன்னதாக நாம் சொல்லிவிடுகிறோம். அதை நானே செய்திருக்கிறேன்.